தீர்ப்புக்குப் பிறகும் சுட்ட வீதி

இந்த வேலைக்கு வந்து முதல் மாதம் முடியுமுன்பே யாராவது ஒருவர் உங்களை மறித்துக் கேட்பார்: "இந்தச் சூடு மனிசரால வந்ததோ, இல்லாட்டி இயற்கையா வந்ததோ?" கலியாண வீட்டில் கேட்பார்கள். பல் வைத்தியர் உங்கள் வாயைத் திறக்க வைத்துவிட்டுக் கேட்பார். ஏப்ரலில் பனி கொட்டினால் பக்கத்து வீட்டு ஜெர்மன்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "எங்கே, பூமி சூடாகிறது என்றீர்களே?" என்பார். நீங்கள் மழைமானிக்குள் விழுந்த இலையைப் பொறுக்குகிற ஆளா, கணினிக்கு முன்னால் இருக்கிற ஆளா என்பது அவர்களுக்குப் பொருட்டே இல்லை. வானிலையின் பெயரால் சோறு தின்கிறவன் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

நான் பிராங்பேர்ட்டைச் சுற்றியுள்ள வானிலை நிலையங்களில் வெப்பமானி, மழைமானி, காற்றுமானி எல்லாவற்றையும் பராமரித்து ஓய்வு பெற்றவன். அகதியாக வந்து, உணவகத்தில் கோப்பை கழுவி, பிறகு அவுஸ்பில்டுங் செய்து தொழில் பழகி இதற்குள் நுழைந்தேன். அப்போது இந்தத் துறையில் தமிழ் முகம் என்று பார்க்க வேண்டுமானால் நான் கழிவறைக் கண்ணாடிக்குத்தான் போகவேண்டும். இப்போது நீங்கள் வருகிறீர்கள். இங்கே பிறந்த நம் பிள்ளைகளும் வருகிறீர்கள், டார்ம்ஸ்டாட்டில் படிப்பை முடித்த தமிழ்நாட்டுத் தம்பி தங்கைகளும் வருகிறீர்கள். சந்தோசமாக இருக்கிறது. எந்தத் திருகை எந்தப் பக்கம் திருப்புவது என்பதையெல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். அதில் சொல்லித் தராத ஒன்றைத்தான் நான் இங்கே எழுதப்போகிறேன்.

எனக்கு அதைச் சொன்னவர் எங்கள் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த ஒரு ஜெர்மன் அம்மா. பெயர் வேண்டாம். இன்னமும் உயிரோடு இருக்கிறார், இன்னமும் கோபக்காரி. ஒரு மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம் தொலைபேசி அடித்தது. எடுக்க வேண்டியவன் நானில்லை. ஆனால் அடிக்கிற தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிற பொறுமை எங்கள் ஊரில் யாருக்கும் கிடையாது. எடுத்தேன். சனிக்கிழமை மழை வருமா என்று ஒருவர் கேட்டார். தாழமுக்கம், ஈரப்பதம், நிகழ்தகவு என்று தெரிந்த ஜெர்மன் சொற்களையெல்லாம் அவர் தலையில் கொட்டினேன். பாதியில் அம்மா வந்து என் கையிலிருந்து அதைப் பறித்து, "சனிக்கிழமை என்ன செய்யப்போகிறீர்கள்?" என்று கேட்டார். அந்த மனிதர் வீட்டுக்கூரையின் பழைய ஓடுகளை இறக்கி வைத்திருக்கிறாராம். "படங்கு போட்டு மூடுங்கள்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "அவன் கூரையைப் பற்றிக் கேட்டிருக்கிறான், நீ அவனுக்கு மழையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறாய்" என்றார். எனக்கு முகம் தொங்கிப்போனது.

நான் அன்றே பாடம் படித்துத் தேறிவிட்டேன் என்றுதான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பு கோயில் பட்டிமன்றம் வரைக்கும் தாங்கியது.

எங்கள் கோயில் ஒரு தொழிற்பேட்டைக்குள் இருக்கிறது. ஒரு பக்கம் டயர் கடை, மறுபக்கம் குளியலறைத் தொட்டி விற்கிற மண்டபம், நடுவில் முருகன். கோடை விடுமுறையில் தேர்த் திருவிழா. தொழிற்பேட்டையைச் சுற்றிய தார்வீதிதான் தேரோடும் வீதி. தேருக்குப் பின்னால் நேர்த்திக்கடன் வைத்த ஆண்கள் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெற்றுடம்போடு வீதியில் உருண்டு வருவார்கள். ஆரம்ப காலத்தில் எங்கள் பயமெல்லாம் மழைதான். உருண்டு முடித்தவர்கள் பல் கிட்டிக்க நின்று கோப்பி கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். தாருக்குப் பயப்படும் காலம் வருமென்று யாரும் நினைக்கவில்லை.

பட்டிமன்றத்துக்கு முந்தைய கோடையில் குகநேசன் உருண்டு எழும்பியபோது அவன் தோளிலும் முதுகிலும் கொப்புளம். இந்தக் குகநேசன் விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளை விமானத்துக்கு ஏற்றுகிறவன். அந்தத் தொழிலுக்குத் தோள்தான் முதல். அவன் மனைவி சுமதிக்கு ஒரு கடும் நோய் வந்து, மருந்து பிடித்து, எழும்பி நடமாடத் தொடங்கியிருந்தாள். "அவ சுகமா இருக்கிற ஒவ்வொரு வருசமும் உருளுறன்" என்று முருகனுக்குச் சொல்லிவிட்டான். முடிவுத் தேதி இல்லாமல் ஒப்பந்தம் போட்டவன். எங்கள் ஆட்கள் கைத்தொலைபேசி ஒப்பந்தத்தைக்கூட அப்படிப் போடமாட்டார்கள். கொப்புளம் ஆறுமுன்பே வேலைக்குப் போனான். சட்டை ஒட்டிப்பிடித்து, அதைச் சுமதி தண்ணீர் விட்டு விட்டு உரித்தெடுத்தாளாம்.

நிர்வாகக் குழுவில் பேச்சு வந்தது. தேரை மதியத்தில் இழுக்காமல் விடியலில் இழுத்தால் என்ன என்று சிலர் கேட்டார்கள். தலைவருக்குப் பிடிக்கவில்லை. "அது ஒரு வருசத்துச் சூடு. இயற்கை ஏறும், இறங்கும். அதுக்காக முருகனை வெள்ளனக் கிளப்பேலாது" என்றார். மற்றவர்கள் விடவில்லை. மனிதன் செய்த வினை, இனிக் குறையாது, கூடும் என்றார்கள். குரல் உயர்ந்தது. பழைய பகைகளும் கிளம்பின. யாரோ ஒருவர் மற்றவரின் மகளுடைய பூப்புனித நீராட்டு விழாவில் போட்ட வடையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். கடைசியில், உலகில் எங்கள் சனத்துக்கு மட்டுமே தோன்றக்கூடிய ஒரு தீர்வுக்கு வந்தார்கள். பட்டிமன்றம் வைப்பது. "காலநிலை மாற்றத்துக்குக் காரணம் மனிதனா, இயற்கையா?" தீர்ப்பு எந்தப் பக்கமோ, தேர் நேரமும் அந்தப் பக்கம். வேறு இனத்தார் வெப்பமானியைப் பார்த்திருப்பார்கள்.

நடுவர் நான். "நீங்கள் வெதர் ஆள்தானே" என்றார் தலைவர். மறுத்திருக்கலாம். ஆனால் பொன்னாடை போர்த்துவோம் என்றதும் என் முதுகு தானாக நிமிர்ந்துவிட்டது.

இயற்கை அணிக்குத் தலைமை வாகீசன் அண்ணை. கோயிலுக்கு அடுத்த தெருவில், பிராங்பேர்ட் வங்கிக் கோபுரங்களுக்குக் கண்ணாடி துடைக்கும் நிறுவனம் வைத்திருப்பவர். எழுபதைத் தாண்டியும் சாவியை மகனிடம் கொடுக்காதவர். வாயைத் திறந்தால் மண்டபம் அவர் பின்னால் போகும். மனித அணிக்கு ஆரணி. இங்கேயே பிறந்து வளர்ந்த பெண், என் பழைய பகுதியில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அறிவில் என்னைப் போல நாலு பேரை விற்று வாங்கக்கூடியவள். ஆனால் அவளுக்குத் தமிழ் வீட்டுக்குள் மட்டும் புழங்கிய தமிழ். ஆரணி இதை வாசித்தால் கோபிக்கக் கூடாது.

பட்டிமன்ற நாள் வந்தது. ஆரணி மேடைக்கு வந்து, "வணக்கம். முதலில ஒரு வரைபடம் காட்டுறன்" என்றாள். காட்டினாள். பிறகு இன்னொன்று. பிறகு அந்த இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து இன்னொன்று. முன்வரிசையில் இருந்தவர்கள் வரைபடத்தைப் பார்ப்பதுபோல் கைத்தொலைபேசியைப் பார்த்தார்கள். பின்வரிசையில் தின்ன ரோல்ஸ் வந்துவிட்டதா என்று விசாரித்தார்கள். அவள் சொன்னது அத்தனையும் சரி. அத்தனையும் காற்றில் போனது.

வாகீசன் அண்ணை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழும்பினார். "பிள்ளை சொல்லுது, எங்கட கார்ப் புகையாலதான் உலகம் சூடாகுதாம். டைனோசர் காலத்தில உலகம் இதைவிடச் சூடு. அப்ப அதுகள் என்ன, டீசல் காரிலயோ திரிஞ்சதுகள்?" மண்டபம் குலுங்கியது. "எரிமலைக்கு ஆர் அனுமதி குடுத்தது? கடல் ஒரு வருசம் சுடுது, மற்ற வருசம் குளிருது, அதுக்கு ஆர் ஹைட்சுங் போட்டது? சூரியனுக்கு ஆர் விறகு வைக்கிறது? ஒரு கொசுவை ஒழுங்கா அடிக்கத் தெரியாத மனிசன் உலகத்தைச் சூடாக்கிப் போட்டானாம். என்ன ஒரு மமதை!" ஹைட்சுங் என்றால் வீட்டைச் சூடாக்கும் கருவி. குளிரில் அதன் கட்டணத்தை நினைத்து அழாத தமிழன் இங்கே இல்லை, அதனால் அந்த இடத்தில் விசில் பறந்தது.

மறுப்புரைக்கு ஆரணி திரும்ப வந்தாள். இம்முறை கணினியை மூடிவிட்டு வந்தாள். முகம் சிவந்திருந்தது. "அங்கிள், நீங்கள் சொன்னதெல்லாம் உண்மைதான். எரிமலை இருக்கு, சூரியன் இருக்கு, கடல் ஆடுது. அதையெல்லாம் நாங்களும் அளக்கிறம். ஆனா சூரியன்தான் காரணம் எண்டால் மேல, உயரத்தில இருக்கிற காத்தும் சூடாகோணும். அது குளிருது. கீழ மட்டும்தான் சூடு. சூடு வெளியில போகாம நடுவில ஏதோ மறிக்குது. அது நாங்கள் எரிச்ச புகை." முன்வரிசையில் ஒரு அம்மா, "போர்த்துக்கொண்டு படுத்தா உள்ளுக்குத்தானே வேர்க்கும்" என்று பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கினார். கைதட்டல் சொற்பம். எனக்குப் பெருமையாக இருந்தது, ஆனால் நடுவர் கைதட்டக் கூடாது.

தீர்ப்புக்கு முன் சின்ன இடைவேளை. மேடையின் ஓரத்துக்குச் சுமதி தேநீர் கொண்டுவந்தாள். நோய்க்குப் பிறகு முடி குட்டையாக, சுருளாக வளர்ந்திருந்தது. தேநீரைத் தந்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"அண்ணை, எனக்கு மனிசன், இயற்கை ஒண்டும் விளங்கேல்லை. ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. போன முறை மாதிரிச் சூடு ஒருக்கா வந்து போறதோ, இல்லாட்டி இனி அடிக்கடி வருமோ? ஒருக்கா எண்டால் நான் பேசாம இருக்கிறன். இனி அப்பிடித்தான் எண்டால் நேர்த்தியை மாத்தச் சொல்லி நான் அவரோட சண்டை பிடிக்கோணும். அவரின்ர தோள் போனா எங்களுக்கு வேற ஒண்டும் இல்லை."

நான் பதில் சொல்லுமுன் தலைவர் குறுக்கே வந்து என் காதுக்குள் குனிந்தார். "அண்ணை, ரெண்டு பக்கமும் சரியெண்டு சொல்லி முடியுங்கோ. ஒருத்தரும் மனம் நோகக் கூடாது. சாப்பாடும் ஆறுது."

உண்மையைச் சொன்னால், நான் எழுதி வைத்திருந்ததும் அதுதான். பட்டிமன்ற நடுவர்களுக்கென்று ஒரு குறுக்குவழி உண்டு. இரண்டு அணியையும் வானளாவப் புகழ்ந்து, இயற்கை தாய், மனிதன் பிள்ளை, பிள்ளையின் குழப்படியைத் தாய் பொறுத்தருள்வாள் என்று ஒரு பூசு பூசினால் எல்லோரும் சந்தோசமாகச் சாப்பிடப் போவார்கள். அரைக்கு அரை என்பது கேட்க நியாயம் போலவும் இருக்கும். உங்களுக்கும் இந்த ஆசை வரும். எதிரில் இருப்பவர் மாமனாராக இருந்தால் நிச்சயம் வரும். ஆனால் அந்த அரைக்கு அரையைக் கொண்டுபோய்ச் சுமதி என்ன செய்வாள்? பாதிச் சண்டை பிடிப்பாளா?

மைக்கைப் பிடித்தேன்.

"மனிசன் பாதி, இயற்கை பாதி எண்டு சொல்ல எனக்கும் விருப்பம்தான். ஆனா இது பலாப்பழம் இல்லை, ஆளுக்குப் பாதி வெட்டிக் குடுக்க. பின்னுக்குச் சமையல் நடக்குது. பானையில சோறு கொதிக்கேக்க நுரை ஏறும், இறங்கும். அது இயற்கை. வாகீசன் அண்ணை நுரையைப் பற்றி அருமையாப் பேசினார், நானும் சிரிச்சன். ஆனா அடுப்பைக் கூட்டினது ஆர் எண்டதுதான் கேள்வி. கரியும் எண்ணெயும் எரிச்சு அடுப்பைக் கூட்டினது நாங்கள்தான். வருசத்துக்கு வருசம் ஆடுறது இனியும் ஆடும். அடுத்த கோடை குளிரவும் கூடும். ஆனா குளிர்ற கோடை குறையும், சுடுற கோடை கூடும். போன வருசத்தோட முடியிற கதை இல்லை இது. மனித அணிக்கே தீர்ப்பு."

கடைசி வரிகளைச் சுமதியைப் பார்த்துத்தான் சொன்னேன். அவள் தலையை மெல்ல ஆட்டிவிட்டு வெளியே போனாள். சோறு, பானை என்றதும் சனத்துக்கும் விளங்கிவிட்டது, நல்ல கைதட்டல். வாகீசன் அண்ணை எழும்பி நின்று, "நடுவர் தன்ர பழைய ஒபிஸ் ஆளுக்கே தீர்ப்பைக் குடுத்திட்டார்!" என்று கத்தினார். அதற்கும் அதே அளவு கைதட்டல். எங்கள் சனம் நீதியோடு தட்டும்.

தலைவர் மைக்கை வாங்கினார். "அருமையான தீர்ப்பு. மனிசன்தான் காரணம் எண்டு இண்டைக்கு நிரூபணம் ஆயிட்டுது. எல்லாரும் இனிக் கவனமா நடக்கோணும். தேர் வழமைபோல மதியம் பன்னிரண்டு மணிக்கு. வீதி மூடுறதுக்கு நகரசபை அனுமதி அந்த நேரத்துக்குத்தான் எடுத்தாச்சு. நாதஸ்வரக்காரரும் சுவிஸிலயிருந்து வந்து சேரோணும். இப்ப எல்லாரும் சாப்பிட வாங்கோ."

நான் பொன்னாடையோடு நின்றேன். ஆரணி என் பக்கம் வந்து, "அங்கிள், நாங்கள் வெண்டதுதானே?" என்றாள். "ஓம் பிள்ளை, வெண்டதுதான்" என்றேன். அவள் ரோல்ஸ் எடுக்கப் போனாள். சரியான தீர்ப்பைச் சொன்னால் மிச்சம் தானாக நடக்கும் என்று நம்பிய என் மடைத்தனத்தை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது.

அடுத்த வாரங்களில் நான் செய்தவற்றைக் கேட்டால் நீங்களும் சிரிப்பீர்கள். தலைவரிடம் இரண்டு தரம் போனேன். அனுமதியை மாற்ற ஒரு புது விண்ணப்பம் போதும் என்றேன். நகரசபையில் அதற்குப் பொறுப்பானவர் விடுமுறையில் என்றார். வாகீசன் அண்ணையிடம் போய், உயரக் காற்று ஏன் குளிர்கிறது என்று விளக்கப் பார்த்தேன். "மேடையில வெண்டது காணாதே, வீட்டுக்கும் வந்து வெல்லப்போறீரோ?" என்று கதவைச் சாத்தினார். குகநேசனிடமும் போனேன். சுமதி அவனோடு சண்டை பிடித்துத் தோற்றிருந்தாள்.

"அண்ணை, நான் முருகனிட்டச் சொல்லேக்க வெய்யிலைக் கேட்டிட்டுச் சொல்லேல்லை," என்றான் குகநேசன். "அவ இருக்கிறா. நான் உருளுறன். அவ்வளவுதான்."

இதற்கு எந்தக் கருவியை நீட்டுவது?

தேர் நாள் வந்தது. காலையிலேயே டயர் கடையின் தகரக் கூரை படபடவென்று வெடித்தது. மேகம் என்று சொல்ல ஒரு துண்டு இல்லை. என்னிடம் தூரத்தில் இருந்தே சூடு பார்க்கும் கைக்கருவி ஒன்று இருக்கிறது, துவக்குப் போல இருக்கும். அதைத் தாருக்கு நேரே பிடித்துத் தலைவருக்குக் காட்டினேன். எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உங்கட மிசின் பழசு போல" என்றார். முன்னைய வருடம் வாளியில் தண்ணீர் ஊற்றினார்களே, அதையாவது செய்வோம் என்றேன். அந்த வாளிகள் பாதி வீதியிலேயே சமையலறைக்குத் திரும்பியதை நினைவுபடுத்தினார். மோர் கரைக்க வாளி வேண்டுமாம். மோர் கேட்டு வரிசையில் நின்றவர்களில் பலர் மனித அணிக்குக் கைதட்டியவர்கள். நிழலில் நின்றார்கள்.

அப்போது வாகீசன் அண்ணை பட்டு வேட்டியோடு வந்து என் கையைப் பார்த்தார். "என்ன ஐசே, துவக்கோட திரியிறீர்? தீர்ப்பு காணாதெண்டு இப்ப சுடவும் போறீரோ?"

பக்கத்தில் நாலு பேர் சிரித்தார்கள். எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அண்ணை, இதோ எண், இப்போதாவது ஒத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவர் எரிமலையை எடுத்திருப்பார், நான் புகையை எடுத்திருப்பேன், தேர் புறப்படும்வரை அதே இடத்தில் நின்று இன்னொரு பட்டிமன்றம் நடத்தியிருப்போம். தேர் வடத்தை அவிழ்க்கத் தொடங்கிவிட்டார்கள். குகநேசன் சட்டையைக் கழற்றிச் சுமதியின் கையில் கொடுப்பது தெரிந்தது. அவன் முதுகில் பழைய கொப்புளங்களின் தழும்பு வெள்ளையாக இருந்தது. அந்த ஜெர்மன் அம்மாவை நினைத்தேன். கருவியைப் பைக்குள் வைத்தேன்.

"அண்ணை, அதை விடுங்கோ. குகநேசன் இதிலதான் உருளப்போறான். உங்கட உள்ளங்கையை ஒருக்கா இந்தத் தாரில வையுங்கோ."

"எனக்கென்ன பயமோ?" என்று குனிந்து வைத்தார். உடனே எடுத்தார். எடுத்த கையைப் பார்த்தார். பிறகு குகநேசனின் முதுகைப் பார்த்தார். சனத்தை இடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விட்டார். கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார் என்று நினைத்தேன். மனிதரைத் திருவிழா நாளில் அவமானப்படுத்திவிட்டேனே என்று எனக்கு வருத்தமாகவும் இருந்தது.

தேர் புறப்பட்டது. அரோகரா என்றது சனம். உருளுகிறவர்கள் கோயில் வாசலின் நிழலில் குப்புறப் படுத்துக் கைகூப்பிக் காத்திருந்தார்கள். நிழல் முடிகிற இடத்தில் தார் மினுங்கியது. சுமதி வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு நின்றாள். நான் கிடைத்த ஒரு மோர்க் குவளையில் தண்ணீர் பிடித்துக்கொண்டு ஓடினேன். குவளைத் தண்ணீரால் வீதியை நனைக்கப் புறப்பட்ட நிபுணன்.

தடுப்பு வேலிப் பக்கம் ஹோர்ன் கேட்டது. கண்ணாடி துடைக்கும் நிறுவனத்தின் வெள்ளை வான், அதன் பின்னால் பெரிய தண்ணீர்த் தொட்டி ஏற்றிய வண்டி. கோபுரம் கழுவக் கொண்டுபோகும் அதே தொட்டி. ஓட்டுநர் இருக்கையில் பட்டு வேட்டியோடு வாகீசன் அண்ணை. அந்தப் பழைய டீசல் வான் விட்ட புகையைப் பார்த்தால், மனிதனே காரணம் என்பதற்கு ஆரணியின் அத்தனை வரைபடமும் வேண்டாம். பொலிஸ்காரப் பெண் ஒருவர் மறித்து, உள்ளே வர அனுமதி இருக்கிறதா என்று கேட்டார். "வீதி சுத்தம் செய்கிறோம்" என்றார் அண்ணை, தூய ஜெர்மனில். அந்தப் பெண் வெற்றுடம்போடு கிடந்தவர்களைப் பார்த்தார், தாரைப் பார்த்தார், வேலியைத் தானே இழுத்து விலக்கினார்.

அண்ணை வானை ஓட்ட மகனை ஏற்றிவிட்டு, தான் குழாயைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். தேருக்கும் உருளுகிறவர்களுக்கும் இடையில் வான் ஊர்ந்தது. அண்ணை பின்னால் நடந்து நடந்து தாரை நனைத்தார். முதல் தண்ணீர் விழுந்ததும் ஆவி எழும்பியது. "இன்னும் கொஞ்சம் பொறு, இன்னும் கொஞ்சம் பொறு" என்று குகநேசனுக்குச் சொல்லிக்கொண்டே, ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப நனைத்து, உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இப்ப வா" என்றார். குகநேசன் நிழலைத் தாண்டி உருண்டான். முழு வீதியும் அப்படித்தான். ஒவ்வொரு முறையும் கையை வைத்துப் பார்த்தார். பட்டு வேட்டி முழங்கால் வரை கறுத்துவிட்டது. தலைவர் தேருக்கு முன்னால் வாத்தியக்காரரோடு போனதால் இவை எதையும் பார்க்கவில்லை.

உங்களுக்கு இதில் ஒரு சந்தேகம் வரவேண்டும். வராவிட்டால் இந்தத் தொழிலுக்கு நீங்கள் சரிவரமாட்டீர்கள். தண்ணீர் ஊற்றினால் சரியென்றால், காரணம் யார் என்று தெரிந்து என்ன பயன்? பயன் இருக்கிறது. காரணம் தெரியாதவன் ஒரு கோடைக்கு ஊற்றிவிட்டு, அடுத்த கோடைக்கு மழை வருமென்று இருப்பான். காரணம் தெரிந்தவன் தொட்டியையும் வைத்திருப்பான், அந்த டீசல் வானை என்ன செய்வதென்றும் யோசிப்பான். அதனால் யார் கேட்டாலும் மனிதன்தான் என்று நெளியாமல் சொல்லுங்கள், அரைக்கு அரை ஆக்காதீர்கள். ஆனால் எதிராளி வாயால் ஒத்துக்கொள்ளும்வரை காத்திருக்காதீர்கள். நான் ஒரு மாதம் காத்திருந்தேன். குகநேசனின் தோல் நூலிழையில் தப்பியது.

தேர் இருப்புக்கு வந்தது. குகநேசன் எழும்பி நின்றான். உடம்பெல்லாம் சேறு, முதுகு சிவந்திருந்தது, கொப்புளம் இல்லை. சுமதி துவாயால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். பிறகு அதே துவாயில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கியது.

வாகீசன் அண்ணை வானுக்குப் பக்கத்தில் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன்.

"பெரிய உதவி அண்ணை."

"உதவி கிடக்கட்டும். இயற்கைதான் காரணம். அதில எனக்கு ஒரு மாற்றமும் இல்லை."

"சரி அண்ணை."

"மகனிட்டைச் சொல்லிப்போட்டன். அடுத்த வருசம் தேரண்டைக்கு இந்த வானை எந்தக் கோபுரத்துக்கும் அனுப்பக் கூடாதெண்டு."

பழைய நடுவர் சும்மா இருப்பானா? "இயற்கையெண்டால் அடுத்த வருசம் மழையும் பெய்யலாம்தானே அண்ணை?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் குழாயைச் சுருட்டுவதை நிறுத்தினார். அங்கே சுமதி, கணவனின் தலையில் ஒட்டியிருந்த தார்க்கல்லை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பிள்ளை அடுத்த வருசமும் இருப்பா," என்றார். "அப்ப இவன் உருளுவான். அப்ப றோட்டும் சுடும்."

நான் குழாயின் மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தேன்.